மிச்ச இடம் எங்கே? எழுத்தைச் செங்குத்தாக நடுவில் நிறுத்தும் வழிகள்

சிஎஸ்எஸ்ஸில் எழுத்தைப் பக்கவாட்டில் நடுவே நிறுத்துவது ஒரு வரி வேலை. 'டெக்ஸ்ட்-அலைன்: சென்டர்' என்றால் முடிந்தது. அதே எழுத்தை மேலுக்கும் கீழுக்கும் நடுவே நிறுத்தப் போகும்போது, புதிதாகக் கற்பவர்கள் அனேகமாக எல்லோரும் முதலில் கையில் எடுப்பது 'வெர்ட்டிகல்-அலைன்: மிடில்'. பெயரைப் பார்த்தால் இதற்கென்றே செய்தது போலத்தான் தெரிகிறது. ஒரு டிவ்வுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். எழுத்து பெட்டியின் மேல் விளிம்பை ஒட்டியே நிற்கும், ஒரு பிக்சல்கூட அசைந்திருக்காது.

பிரவுசர் ஒரு பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் எதிரெதிர் திசையிலிருந்து கணக்கிடுகிறது. அகலம் வெளியிலிருந்து வருகிறது. தாய்ப்பெட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு டிவ்வும் விரிந்துகொள்ளும். எழுத்து அதில் பாதியை அடைத்தால் மீதி காலியாகக் கிடக்கும். அந்த மிச்சத்தை இரு பக்கமும் சமமாகப் பிரித்துவிட்டால் எழுத்து நடுவில் வந்துவிடுகிறது. உயரமோ உள்ளிருந்து வருகிறது. எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை வரிக்கான உயரத்தைத்தான் பெட்டி எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் பிரித்துக் கொடுக்க அங்கே மிச்சமே இல்லை. நீங்கள் 'ஹைட்' அல்லது 'மின்-ஹைட்' கொடுக்கும்போதோ, பக்கத்துப் பெட்டி உயரமாக இருப்பதால் இதுவும் இழுபடும்போதோதான் மிச்சம் பிறக்கிறது.

ஆகவே எந்தக் கட்டளையையும் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மிச்ச இடம் எங்கே இருக்கிறது? அது மூன்று இடங்களில் இருக்கலாம். பெட்டிக்குள், வரிகளைச் சுற்றி இருக்கலாம். ஒரே வரிக்குள், எழுத்தைச் சுற்றி இருக்கலாம். எழுத்துருவின் உள்ளேயே, அதை வடிவமைத்தவர் விட்டுவைத்த இடமாகவும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் கருவிகள் வேறு வேறு. ஒன்றுக்கான கருவியை இன்னொன்றில் போட்டுப் பார்ப்பதால்தான் இந்தச் சின்ன வேலையில் இவ்வளவு நேரம் வீணாகிறது.

உயரமே வேண்டாம் என்றால்

பட்டன், மெனு வரி, அறிவிப்புப் பட்டை, லேபிள் போன்றவற்றுக்கு உயரம் குறிப்பிடவே தேவையில்லை. மேலும் கீழும் ஒரே அளவு பேடிங் கொடுங்கள். 'பேடிங்: 0.75எம் 1.25எம்' என்றால் எழுத்துக்கு மேலே 0.75 எம், கீழே 0.75 எம் (ஒரு எம் என்றால் அந்த இடத்தின் எழுத்தளவு). எழுத்து தானாகவே நடுவில் இருக்கும். ஒரு வரி இரண்டானாலும் பெட்டி வளர்ந்துகொள்ளும், நடுவும் குலையாது.

தமிழ்ப் பக்கம் செய்கிறவர்களுக்கு இது மிக முக்கியம். ஆங்கிலத்தில் சின்னச் சொல்லாக நின்ற 'சப்மிட்' தமிழில் 'சமர்ப்பிக்கவும்' ஆகிறது. 'லாகின்' என்பது 'உள்நுழைக' ஆகிறது. கைப்பேசித் திரையில் பட்டனுக்குள் இரண்டாவது வரி வருவது தமிழில் அன்றாடம் நடப்பது. 'ஹைட்: 40 பிக்சல்' என்று ஆணியடித்து வைத்த ஆங்கிலத் தீமை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் இரண்டாம் வரி பட்டனுக்கு வெளியே வழியும். குறைந்தபட்ச உயரம் வேண்டியிருந்தால் 'ஹைட்' எழுதாமல் 'மின்-ஹைட்' எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் இந்த அத்தியாயத்தின் பாதிச் சிக்கல்களை வராமலே தடுத்துவிடும்.

இன்னொன்று: ஹெச்டிஎம்எல்லின் உண்மையான பட்டன் உறுப்புக்கு நீங்கள் உயரம் கொடுத்தால், உள்ளே இருப்பதைப் பிரவுசரே செங்குத்தாக நடுவில் வைத்துவிடும். ஒரு டிவ்வையோ இணைப்பையோ பட்டன் மாதிரி அலங்கரித்தால் அந்த உதவி கிடைக்காது. ஒரே கிளாஸைப் பட்டனுக்கும் இணைப்புக்கும் போட்டு, ஒன்றில் எழுத்து நடுவிலும் மற்றதில் மேலேயும் நிற்பதைப் பார்த்துக் குழம்பியிருந்தால் காரணம் இதுதான்.

வரிக்குள் நடப்பது

'லைன்-ஹைட்' ஒரு வரிக்கு எவ்வளவு உயரம் என்று சொல்கிறது. எழுத்தின் அளவு 16 பிக்சல், லைன்-ஹைட் 1.6 என்றால் வரியின் உயரம் 25.6 பிக்சல். எழுத்துரு தனக்கென்று எடுத்துக்கொள்ளும் உயரம் 19.2 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 6.4. பிரவுசர் அதைச் சரிபாதியாக்கி மேலே 3.2, கீழே 3.2 வைக்கும். இங்கே நடுவில் வைக்கும் வேலையை நாம் கேட்காமலே செய்துவிடுகிறது.

இதை வைத்துத்தான் அந்தப் பழைய உத்தி பிறந்தது: பெட்டியின் உயரம் 48 பிக்சல் என்றால் லைன்-ஹைட்டும் 48 பிக்சல். ஒற்றை வரிக்கு அருமையாக வேலை செய்யும். இரண்டாம் வரி வந்த அன்றைக்கு இரண்டு வரிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்து, கீழ் வரி பெட்டியைத் தாண்டிப் போய்விடும். 'சமர்ப்பிக்கவும்' கதையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இந்த உத்தியைத் தமிழ்ப் பக்கத்தில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி 'வெர்ட்டிகல்-அலைன்'. 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ்ஸிலிருந்தே இருக்கிற பண்பு இது. இது வேலை செய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று, வரிக்குள் வரும் உறுப்புகள்: ஸ்பேன், படம், இன்லைன்-பிளாக். இரண்டு, அட்டவணையின் கட்டம். டிவ் இந்த இரண்டிலும் சேராது, அதனால்தான் அங்கே எதுவும் நடக்கவில்லை. அட்டவணைக் கட்டத்தில் நாம் எதுவும் கொடுக்காமலே எழுத்து நடுவில் நிற்பதும் இதனால்தான். பிரவுசர்களின் உள்ளமைந்த பாணியிலேயே அட்டவணைக்கு 'மிடில்' இருக்கிறது. ஒருகாலத்தில் எல்லோரும் 'டிஸ்ப்ளே: டேபிள்-செல்' என்று டிவ்வை அட்டவணைக் கட்டமாக வேடம் கட்டவைத்ததும் இந்த வசதிக்காகத்தான். பழைய தளங்களைத் திருத்தும்போது அதைக் காண்பீர்கள். கெடுதல் செய்யாது, விட்டுவிடலாம்.

வரிக்குள் 'மிடில்' என்றால் வரியின் நடு அல்ல. படத்தின் நடுப்புள்ளியை, தாய் எழுத்துருவின் பேஸ்லைனிலிருந்து (எழுத்துகள் உட்காரும் கோட்டிலிருந்து) எக்ஸ்-ஹைட்டில் பாதி உயரத்தில் கொண்டுபோய் வைக்கும். எக்ஸ்-ஹைட் என்பது ஆங்கிலச் சிறிய எக்ஸின் உயரம். பக்கத்தில் நிற்கும் தமிழ் எழுத்தின் உயரம் அந்த எக்ஸோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஐகான் வைத்து 'மிடில்' கொடுத்தும் அது கொஞ்சம் இறங்கியே தெரிகிறது என்றால், நம் கண் தப்பாகப் பார்க்கவில்லை. எம் அளவில் ஒரு எண் கொடுத்துச் சரிசெய்யலாம். பூட்ஸ்ட்ராப் ஐகான்கள் -0.125 எம் என்ற அளவைப் பயன்படுத்துகின்றன. உங்கள் தமிழ் எழுத்துருவுக்கு வேறு எண் வரும், கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படத்துக்குக் கீழே எங்கிருந்தோ வந்து நிற்கும் சில பிக்சல் இடைவெளியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். படம் பேஸ்லைனில் உட்கார்ந்திருக்கிறது. பேஸ்லைனுக்குக் கீழே இறங்கும் எழுத்துகளுக்காகப் பிரவுசர் இடம் ஒதுக்கியிருக்கிறது. படத்துக்கு 'டிஸ்ப்ளே: பிளாக்' கொடுத்தால் போய்விடும்.

பெட்டிக்குள் மிச்சம் இருந்தால்

பெட்டிக்கு உண்மையிலேயே கூடுதல் உயரம் இருக்கிறது, எழுத்து அதன் நடுவில் நிற்க வேண்டும் என்றால் இன்றைய பதில் ஃப்ளெக்ஸ். தாய்ப்பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்', 'அலைன்-ஐட்டம்ஸ்: சென்டர்' என்று இரண்டு வரி. உயரம் எவ்வளவு, எத்தனை வரி, எந்த எழுத்துரு என்று எதுவும் நமக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஃப்ளெக்ஸின் முதல் வரைவு 2009இல் வந்து, இலக்கணம் சில முறை மாறி, நிலைபெறச் சில ஆண்டுகள் ஆயின. இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம்.

இதில் தடுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. முதலாவது திசை. 'ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷன்: காலம்' என்று மாற்றினால் அச்சுகள் இடம் மாறிவிடும். அப்போது செங்குத்து நடுவுக்கு 'ஜஸ்டிஃபை-கன்டென்ட்: சென்டர்' எழுத வேண்டும், 'அலைன்-ஐட்டம்ஸ்' பக்கவாட்டு வேலைக்குப் போய்விடும். ஃப்ளெக்ஸ் வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் இதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, எழுத்தை நேரடியாக ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் போடுவது. 'மொத்தம் 250 ரூபாய்' என்ற வாக்கியத்தில் 250ஐ மட்டும் தடித்த எழுத்தாக்குகிறீர்கள். ஃப்ளெக்ஸ் பெட்டி இதை ஒரு வாக்கியமாகப் பார்க்காது. 'மொத்தம்' ஒரு பெயரில்லாத ஐட்டம், தடித்த 250 ஒரு ஐட்டம், 'ரூபாய்' இன்னொரு பெயரில்லாத ஐட்டம். நடுவிலிருந்த இடைவெளிகள் காணாமல் போகும். திரை குறுகும்போது ஒவ்வொன்றும் தனித்தனிப் பத்தியாக மடியும். நீளமான எழுத்தை மூன்று புள்ளியோடு வெட்டிக்காட்டும் 'டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ: எலிப்சிஸ்' இப்படி நேரடியாகக் கிடக்கும் எழுத்துக்கு வேலை செய்யாது. மருந்து எளிது: முழு வாக்கியத்தையும் ஒரே ஸ்பேனுக்குள் போட்டு, அந்த ஒரு ஸ்பேனை ஃப்ளெக்ஸின் குழந்தையாக்குங்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டிக்கு நிலையான உயரம் இருந்து, உள்ளே எழுத்து அதைவிட உயரமாகிவிட்டால், 'சென்டர்' மிச்சத்துக்குப் பதில் வழிவதைச் சரிபாதியாகப் பிரிக்கும். மேலே பாதி வழியும், கீழே பாதி வழியும். ஸ்க்ரோல் வைத்த பெட்டியானால் கீழே வழிந்ததைப் போய்ப் பார்க்கலாம், மேலே வழிந்ததை எப்படியும் பார்க்க முடியாது. ஒரு விண்ணப்பத்தின் விதிமுறைப் பெட்டியில் முதல் பத்தியே படிப்பவருக்குக் கிடைக்காமல் போவது சின்ன விஷயமல்ல. 'அலைன்-ஐட்டம்ஸ்: சேஃப் சென்டர்' என்று எழுதுங்கள். இடம் போதாதபோது அது மேல் விளிம்பிலிருந்து தொடங்கும். குழந்தைக்கு 'மார்ஜின்: ஆட்டோ' கொடுத்தாலும் இதே பாதுகாப்பு கிடைக்கும்.

ஐகானும் பல வரி எழுத்தும் பக்கம் பக்கமாக நிற்கும்போது 'சென்டர்' ஐகானைப் பத்தியின் நடுவே கொண்டுபோய்விடும். நமக்கு வேண்டியது முதல் வரியின் நடு. இதற்கு அழகான வழி ஒன்று வந்திருக்கிறது. ஐகானை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து அதன் உயரத்தை '1 எல்ஹெச்' என்று கொடுங்கள். எல்ஹெச் என்பது அந்த இடத்தின் லைன்-ஹைட். வெளிப்பெட்டியில் 'அலைன்-ஐட்டம்ஸ்: ஸ்டார்ட்', சிறு பெட்டிக்குள் ஃப்ளெக்ஸ் போட்டு 'சென்டர்'. முதல் வரி எவ்வளவு உயரமோ அதற்குச் சரியாக ஐகான் நிற்கும்.

சில இடங்களில் நடு என்பதே தவறான ஆசை. பெரிய எழுத்தில் விலை, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'மட்டும்' என்று வரும்போது 'சென்டர்' கொடுத்தால் சிறிய சொல் மிதக்கிற மாதிரி இருக்கும். அங்கே 'அலைன்-ஐட்டம்ஸ்: பேஸ்லைன்' கொடுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் உட்காரும், கண் உடனே ஏற்றுக்கொள்ளும்.

கிரிட்டில் இன்னும் சுருக்கம். 'டிஸ்ப்ளே: கிரிட்', 'பிளேஸ்-ஐட்டம்ஸ்: சென்டர்' என்றால் இரு திசையிலும் நடு. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது. முழுத்திரை வரவேற்புப் பக்கத்துக்கு இதுவே போதும். உயரத்தை '100%' என்று கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தாய்ப்பெட்டிக்குத் தீர்மானமான உயரம் இல்லாவிட்டால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. 'மின்-ஹைட்: 100 டிவிஹெச்' என்று கொடுங்கள். கைப்பேசியில் முகவரிப் பட்டை மறைந்தாலும் தோன்றினாலும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். பாடி உறுப்பில் இயல்பாக இருக்கும் 8 பிக்சல் மார்ஜினையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தேவையில்லாத ஸ்க்ரோல் வரும்.

2024இல் இன்னொரு கதவு திறந்தது. குரோம் 123, ஃபயர்பாக்ஸ் 125, சஃபாரி 17.4 முதல், சாதாரண டிவ்வுக்கே 'அலைன்-கன்டென்ட்: சென்டர்' வேலை செய்கிறது. ஃப்ளெக்ஸும் வேண்டாம், கிரிட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் எழுத்து வழக்கமான வாக்கியமாகவே இருப்பதால், 250 ரூபாய்ச் சிக்கலும் இல்லை. எழுத்து மட்டுமே இருக்கும் பெட்டிக்கு இதுதான் சரியான கருவி. பழைய கைப்பேசிகளில் இது இல்லாவிட்டால் எழுத்து மேலே நிற்கும், அவ்வளவுதான்; பக்கம் உடையாது.

'பொசிஷன்: அப்சல்யூட்' போட்டு, 50% கீழே தள்ளி, அதன் உயரத்தில் பாதி மேலே இழுக்கும் முறையைப் படத்தின்மேல் எழுத்து வைப்பது போன்ற இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவுக்குள் இருக்கும் மிச்சம்

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பட்டனில் தமிழ் எழுத்து கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் தெரிகிறதா? இதைப் பிரவுசரின் பிழை என்று விட்டுவிடாதீர்கள். தமிழ் இணையத்தில் எங்கு பார்த்தாலும் இந்த ஒன்றிரண்டு பிக்சல் கோணல் இருக்கிறது. அதைச் சரிசெய்ய நமக்குத்தான் அக்கறை இருக்க வேண்டும்.

பிரவுசருக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. வரிக்குள் எழுத்தை வைக்க அது பார்ப்பது எழுத்துருக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் இரண்டு எண்களைத்தான்: பேஸ்லைனுக்கு மேலே எவ்வளவு என்று சொல்லும் அசென்ட், கீழே எவ்வளவு என்று சொல்லும் டிசென்ட். இரண்டையும் கூட்டி வரும் பெட்டியைத்தான் அது நடுவில் வைக்கிறது. பள்ளியில் ஆங்கிலம் எழுத நாலு கோடு நோட்டு, தமிழ் எழுத இரண்டு கோடு நோட்டு வாங்கினோம் அல்லவா, அந்த வேறுபாடு இங்கேயும் இருக்கிறது. தமிழில் ப, ட, ம போன்ற எழுத்துகள் இரண்டு கோட்டுக்குள் அடங்கும். 'கீ', 'வி' போன்றவற்றின் விசிறியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேல்கோட்டைத் தாண்டும். 'பு', 'சு', 'வு', 'ழ' கீழ்க்கோட்டைத் தாண்டும். மேலே போவதற்கு எழுத்துரு ஒதுக்கிய இடம் கீழே ஒதுக்கியதைவிட மிக அதிகமாக இருந்தால் எழுத்தின் உடல் பெட்டியில் இறங்கித்தான் தெரியும்.

கணக்கு எளிது. பெட்டியின் நடு, பேஸ்லைனிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது அசென்ட்டிலிருந்து டிசென்ட்டைக் கழித்து இரண்டால் வகுத்தால் கிடைக்கும். 20 பிக்சல் எழுத்தில் அசென்ட் 22, டிசென்ட் 6 என்று ஓர் எடுத்துக்காட்டு: 22லிருந்து 6 போக 16, பாதி 8. பெட்டியின் நடு பேஸ்லைனுக்கு 8 பிக்சல் மேலே. அதே எழுத்துருவில் 'ப' 12 பிக்சல் உயரம் என்றால் அதன் நடு 6 பிக்சல் மேலே. ஆக எழுத்து 2 பிக்சல் கீழே நிற்கிறது. லைன்-ஹைட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த 2 பிக்சல் மாறாது, ஏனென்றால் அது மேலும் கீழும் சமமாகத்தான் சேர்க்கும், சமமாகத்தான் குறைக்கும். லைன்-ஹைட்டை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு இது தெரிந்தால் நிம்மதி. ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச மென்பொருளில் எழுத்துருவைத் திறந்தால் அசென்ட், டிசென்ட் எண்களைப் பார்க்கலாம்.

தீர்வு: மேல் பேடிங்கில் 2 பிக்சல் எடுத்துக் கீழ் பேடிங்கில் சேர்த்துவிடுங்கள். பட்டனின் உயரம் மாறாது, எழுத்து 2 பிக்சல் ஏறும். பிக்சலில் எழுதாமல் எம்மில் எழுதுங்கள். 20 பிக்சலுக்கு 2 என்றால் 0.1 எம். எழுத்து பெரிதானால் திருத்தமும் சேர்ந்து வளரும்.

ஆனால் இந்தத் திருத்தம் ஓர் எழுத்துருவுக்குத்தான் பொருந்தும். எழுத்துருவின் பெயரைச் சொல்லாமல் விட்டால், ஒரே பக்கம் விண்டோஸில் நிர்மலா யூஐயிலும், பழைய விண்டோஸில் லதாவிலும், ஆப்பிள் கருவியில் தமிழ் சங்கம் எம்என்னிலும், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழிலும் தெரியலாம். ஒவ்வொன்றின் அசென்ட், டிசென்ட் வேறு. தளத்தோடு ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்த்து அனுப்பினால்தான் நீங்கள் செய்த 0.1 எம் எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச்சேரும்.

எழுத்துரு வரிசையில் எது முதலில் இருக்கிறது என்பதும் முக்கியம். லைன்-ஹைட்டுக்கு நீங்கள் எண் கொடுத்திருந்தால், வரிக்குள் எழுத்தை எங்கே வைப்பது என்று கணக்கிடப் பிரவுசர் வரிசையின் முதல் எழுத்துருவின் அளவுகளைத்தான் எடுக்கும். ஆங்கில எழுத்துரு முதலில் இருந்து, தமிழ் எழுத்து பின்னால் இருப்பதிலிருந்து வந்தால், ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் தமிழ் உட்காரும். தமிழ்ப் பக்கத்தில் தமிழ் எழுத்துருவையே முதலில் எழுதுங்கள்.

ஆங்கிலத் தீம்களில் தலைப்புக்கு லைன்-ஹைட் 1 அல்லது 1.1 இருக்கும். அதோடு 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' சேர்ந்தால் 'வீ'யின் தலையும் 'வு'வின் காலும் வெட்டுப்படலாம். தலைப்புக்கு 1.3க்குக் கீழே போகாதீர்கள், பத்திகளுக்கு 1.6 ஒட்டி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எழுத்தின் மேலும் கீழும் இருக்கும் இந்த உள்மிச்சத்தை வெட்டியெடுக்க 'டெக்ஸ்ட்-பாக்ஸ்' என்ற புதிய பண்பு வந்திருக்கிறது. சஃபாரி 18.2இல் 2024 டிசம்பரிலும், குரோம் 133இல் 2025 பிப்ரவரியிலும் வந்தது. ஆங்கிலப் பக்கங்களில் 'ட்ரிம்-போத் கேப் ஆல்ஃபபெட்டிக்' என்று எழுதுகிறார்கள்: மேலே பெரிய எழுத்தின் உயரத்தோடு வெட்டு, கீழே பேஸ்லைனோடு வெட்டு. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று கிடையாது. எழுத்துரு 'கேப்' என்று சொல்லும் உயரம் அதிலுள்ள ஆங்கில எழுத்துகளுக்கானது. உங்கள் எழுத்துருவில் அது தமிழ் உடலின் உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் பேடிங் திருத்தமே நம்பகமானது.

பார்த்துச் சரிசெய்யும் முறை

பெட்டிக்கு 'அவுட்லைன்: 1 பிக்சல் சாலிட் ரெட்' போடுங்கள். பார்டர் போடாதீர்கள், அது இடம் எடுத்துக்கொண்டு அளவையே மாற்றும், அவுட்லைன் மாற்றாது. உள்ளே 'படம்' என்று எழுதி உடல் நடுவில் நிற்கிறதா பாருங்கள். பிறகு 'கீழ்ப்பிரிவு' என்று எழுதி, விசிறியும் சுழியும் விளிம்பைத் தொடுகின்றனவா பாருங்கள். 'படம்' நடுவில் நிற்க வேண்டும், 'கீழ்ப்பிரிவு' எங்கும் முட்டக் கூடாது. இரண்டும் மோதினால் பேடிங்கைக் கூட்டுங்கள், நடுவை விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிப் பெட்டியை இரண்டு வரியாகும்வரை குறுக்குங்கள். கடைசியாகப் பிரவுசரில் எழுத்தின் அளவை 200% ஆக்கிப் பாருங்கள். கண் மங்கிய வயதானவர் உங்கள் பக்கத்தை அப்படித்தான் திறப்பார். பட்டன் அப்போதும் எழுத்தை முழுதாகக் காட்டினால் அடுத்த பட்டனுக்குப் போகலாம்.